ஃபாயில் பொருத்திய மோட்டார் கேட்டமரான்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கேட்டமரானின் இரண்டு ஹல்லுக்கும் (படகின் இரட்டை உடல்கள்) நடுவே, டனல் எனும் இடைவெளியின் குறுக்கே ஒரு முதன்மை ஃபாயில், அதாவது ஓடும்போது தண்ணீருக்குள் இருந்து படகைத் தூக்கும் சிறகு. பின்னால் டிரான்சம் (படகின் பின்சுவர்) அருகே இரண்டு சிறிய ஃபாயில்கள். எல்லாம் நிலையாகப் பொருத்தியவை, ஓடும்போது கோணம் மாற்ற முடியாதவை. அப்படிப்பட்ட படகுகளுக்கான வழிமுறை இது. தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் ஹோப்பே 1980களில் வளர்த்தெடுத்த ஹைசுகேட் அமைப்பு இந்த வகைக்கு நல்ல முன்மாதிரி. இதில் ஃபாயில் படகை முழுசாகத் தண்ணீருக்கு மேலே தூக்குவதில்லை. எடையில் பாதியளவை அது ஏற்றுக்கொள்ள, மீதியை ஹல் தாங்குகிறது. குழப்பம் வருவதும் இதனால்தான்: ஹல்லின் குறை, எடையின் குறை, புரொப்பெல்லரின் குறை எல்லாமே ஃபாயிலின் குறை மாதிரியே தெரியும்.

கணக்குக்கு ஒரு படகை வைத்துக்கொள்வோம். நீளம் 9 மீட்டர், ஓடும் எடை 4 டன், பயண வேகம் 30 நாட் (மணிக்கு 30 கடல் மைல்). முதன்மை ஃபாயிலின் வீச்சு (இடமிருந்து வலம்) 1.5 மீட்டர், நாண் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை) 350 மி.மீ., பரப்பு சுமார் 0.52 சதுர மீட்டர். தூக்குவிசைக் குணகம், அதாவது ஃபாயிலின் தூக்கும் திறனைக் காட்டும் எண், 0.25 என்றால் 30 நாட்டில் இந்த ஃபாயில் ஏறத்தாழ 1.6 டன் தூக்கும். அதே கோணத்தில் 15 நாட்டில் தூக்குவது 400 கிலோதான். வேகம் பாதியானால் விசை கால்வாசி. அரை டிகிரி கோணம் கூட்டினால் 30 நாட்டில் கிட்டத்தட்ட 200 கிலோ கூடுதலாகக் கிடைக்கும். கீழே வரும் பெரும்பாலான விஷயங்கள் இந்த மூன்று எண்களுக்குள் அடங்கிவிடும்.

கோணத்தைத் தொடும் முன்

கோணம் மாற்ற இடையில் செருகும் மெல்லிய தகடான ஷிம்மை எடுத்துக்கொண்டு நேராக ஃபாயிலின் அடியில் போகாதீர்கள். முதலில் படகை எடை போடுங்கள். கட்டியவர் காகிதத்தில் கொடுத்த எடையை நம்ப வேண்டாம். கூடுதல் பேட்டரி, நங்கூரச் சங்கிலி, கூரை, குளிர்பெட்டி என்று ஏறிக்கொண்டே போயிருக்கும். நிற்கும் படகில் நான்கு மூலையிலும் குறி வைத்து, குறியிலிருந்து தண்ணீர் மட்டம் வரை அளந்து எழுதி வையுங்கள். எடை மையம் நகர்ந்ததா என்பதை இந்த நான்கு எண்களே பிறகு சொல்லிவிடும்.

கோணத்தை 0.1 டிகிரி காட்டும் டிஜிட்டல் மட்டமானியால் அளக்க வேண்டும். ஃபாயிலின் மேற்புறம் வளைவானது, மட்டமானி அதில் உட்காராது. அடிப்புறம் தட்டையாக இருந்தால் அங்கே ஒரு நேர்ச்சட்டத்தை ஒட்டிப் பிடித்து அளக்கலாம். இரு புறமும் வளைவு என்றால், முன்விளிம்பையும் பின்விளிம்பையும் தொடும்படி ஒட்டுப்பலகையில் ஓர் அச்சு வெட்டிக்கொள்ளுங்கள். இடது ஓரம், நடு, வலது ஓரம் என மூன்று இடத்தில் அளங்கள். அளவு எப்போதும் கீல் கோட்டுக்கு (ஹல்லின் அடிக்கோடு) ஒப்பாக இருக்க வேண்டும். டிரெய்லரில் நிற்கும் படகு மட்டமாக இருக்காது. தரைக்கு ஒப்பாக அளந்தால் எண் பொய் சொல்லும்.

அடுத்தது ஓட்டப் பதிவு. அலை 0.3 மீட்டருக்குள் இருக்கும் நாளில், 8 நாட்டில் தொடங்கி 2 நாட் இடைவெளியில் மேலே போங்கள். ஒவ்வொரு வேகத்தையும் எதிரெதிர் திசையில் இரண்டு முறை ஓட்டி, நீரோட்டத்தின் பங்கு கழியும்படி சராசரி எடுங்கள். நிமிடத்துக்கு எத்தனை இன்ஜின் சுழற்சி, ஒரு கடல் மைலுக்கு எத்தனை லிட்டர், படகின் ஓட்டச் சாய்வு (ஓடும்போது முன்முனை மேல்நோக்கி நிற்கும் கோணம்) ஆகிய மூன்றையும் எழுதுங்கள். அதன் பிறகு ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். கோணத்தையும் புரொப்பெல்லரையும் ஒரே நாளில் மாற்றினால், எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அறிகுறி: 10 முதல் 16 நாட்டுக்குள் மாட்டிக்கொண்டு மேலே ஏற மறுக்கிறது

படகின் முன்முனையான அணியம் வானத்தைப் பார்க்கும், பின்பக்கமான அமரம் அமுங்கும், இன்ஜின் முக்கும். இதுதான் ஹம்ப், படகு வேகம் பிடிக்கும் முன் தடை உச்சத்துக்குப் போகும் கட்டம். ஃபாயிலின் கோணம் போதவில்லை என்ற முடிவுக்குத்தான் பலரும் உடனே வருவார்கள். அந்த வேகத்தில் ஃபாயில் தருவதே 400 கிலோதான். அரை டிகிரி கூட்டினாலும் 50 கிலோ கிடைக்கும், அவ்வளவுதான். முதன்மை ஃபாயில் எடை மையத்துக்குச் சற்று முன்னால் இருப்பதால், அந்த 50 கிலோவும் அணியத்தை இன்னும் தூக்கி அமரத்தை இன்னும் அமுக்கும். ஹம்ப்பைத் தட்டுத்தடுமாறித் தாண்டினாலும், 30 நாட்டில் அதே அரை டிகிரி 200 கிலோவாக வந்து நின்று படகைத் துள்ள வைக்கும்.

20 லிட்டர் தண்ணீர் கேன்கள் ஐந்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அமரத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். பிறகு அதே 100 கிலோவை 3 மீட்டர் முன்னால் நகர்த்தி ஓட்டுங்கள். 4 டன் படகில் எடை மையம் 75 மி.மீ. முன்னேறும். இதிலேயே ஹம்ப் எளிதாகிவிட்டால் ஃபாயிலில் குற்றமில்லை. பேட்டரியையோ எரிபொருள் தொட்டியையோ நகர்த்த வேண்டும். மாற்றம் தெரியாவிட்டால் முழு திராட்டிலில் சுழற்சி எவ்வளவு என்று பாருங்கள். தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் கீழ் எல்லையைக்கூட எட்டவில்லை என்றால் புரொப்பெல்லரின் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம்) அதிகம். ஒரு அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுழற்சி கூடும். இதுவும் சரி என்றால் பின் ஃபாயில்களுக்கு வாருங்கள். அவற்றை அரை டிகிரி கூட்டினால் அமரம் எழும்பும். ஹம்ப்பில் வேண்டியது அதுதான்.

அறிகுறி: வேகம் எடுக்கிறது, ஆனால் எரிபொருள் மிச்சமாகவில்லை

எந்த வேகத்தில் என்பதுதான் முதல் கேள்வி. ஃபாயில் உள்ள ஓட்டத்தையும் இல்லாத ஓட்டத்தையும் ஒரே வரைபடத்தில் போட்டால் இரண்டு கோடுகளும் ஓரிடத்தில் வெட்டும். அந்த வேகத்துக்குக் கீழே ஃபாயில் வெறும் சுமை. நனையும் பரப்பும் அதன் தடையும் சேர்கின்றன, தூக்கு சொற்பம். நாள் முழுக்க 12 நாட்டில் ஓடும் படகில் ஃபாயில் மிச்சம் தராது. மிக ஒடுங்கிய ஹல் கொண்டு, மிதந்தபடியே மெதுவாகப் போகும் கேட்டமரானுக்கும் இதே பதில். அதன் அலைத்தடை ஏற்கெனவே குறைவு; ஃபாயில் குறைப்பதற்கு அங்கே பெரிதாக எதுவும் இல்லை. இதைத் திருத்த வழியில்லை, கழற்றி வைப்பதுதான் சரி.

வெட்டும் வேகத்துக்கு மேலே ஓடியும் மிச்சமில்லை என்றால் ஃபாயிலின் மேற்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். தூக்குவிசையின் பெரும்பங்கு அங்கேதான் பிறக்கிறது. முன்விளிம்பிலிருந்து முதல் கால் பங்கு நாண் வரை வழவழப்பாக இருக்க வேண்டும். அங்கே கொட்டலசு ஒட்டிய தழும்பு, வழிந்து காய்ந்த பெயிண்ட், மேடாக நிற்கும் போல்ட் தலை எது இருந்தாலும் தூக்கு குறையும், தடை கூடும். கெட்டியான எப்பாக்சி பூசி, 400 எண் ஈர உப்புத்தாளால் ஓட்டத் திசையிலேயே தேய்த்து விடுங்கள். பாசி தடுப்புப் பெயிண்டை ரோலரால் உருட்டிவிட்டு அப்படியே விட்டால் ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளம் நிற்கும். அதையும் தேய்க்கத்தான் வேண்டும்.

பிறகு ஓட்டச் சாய்வு. பயண வேகத்தில் அணியம் 2 முதல் 4 டிகிரி மேல்நோக்கி இருந்தால் நல்லது. 1 டிகிரிக்கும் கீழே போனால் ஹல்லின் முன்பகுதி நெடுக நனைந்து, ஃபாயில் மிச்சப்படுத்தியதை உரசலில் தின்றுவிடும். டனலின் கூரையையும் கவனியுங்கள். ஃபாயிலைத் தாங்கும் கால்களிலிருந்து எழும் நீர்த்தாரை கூரையில் அடித்துக்கொண்டே இருந்தால் அதுவும் தடைதான். பின்னோக்கி ஒரு கேமராவைக் கட்டி ஓட்டினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அறிகுறி: முழு திராட்டிலில் இன்ஜின் சுழற்சி எல்லை மீறுகிறது, அல்லது திடீரென வழுக்குகிறது

பெரும்பாலும் இது நல்ல செய்தி. தடை குறைந்ததால் பழைய புரொப்பெல்லர் இப்போது சின்னதாகிவிட்டது. பிட்ச்சை ஒரு அங்குலம் கூட்டி மறுபடி ஓட்டுங்கள்.

நேர் ஓட்டத்தில் சரியாக இருந்து, அலையிலும் திருப்பத்திலும் மட்டும் வழுக்கினால் காரணம் வேறு. ஃபாயில் படகை உயர்த்தியிருக்கிறது, புரொப்பெல்லரும் கூடவே மேலே வந்து காற்றை உறிஞ்சுகிறது. அவுட்போர்டை (டிரான்சத்தில் தொங்கும் இன்ஜினை) ஒரு போல்ட் துளை கீழே இறக்குங்கள். வழக்கமாக அது 19 மி.மீ. குளிர்விப்புத் தண்ணீரின் அழுத்தத்தையும் அதே ஓட்டத்தில் பாருங்கள். உறிஞ்சும் துளை மேற்பரப்புக்கு அருகே வந்திருந்தால் முள் ஆடும். அந்த ஆட்டத்தைக் கண்டும் காணாமல் விட்டால் தண்ணீர் பம்பின் இம்பெல்லர் போய்விடும்.

அறிகுறி: படகு முன்னும் பின்னுமாகத் துள்ளிக்கொண்டே இருக்கிறது

அமைதியான தண்ணீரிலும் தாளம் தப்பாமல் துள்ளினால் தூக்கு மையம் எடை மையத்தைவிட அதிகம் முன்னால் இருக்கிறது என்று பொருள். வரிசை இப்படி: முதலில் இன்ஜினை உள்பக்கமாக டிரிம் செய்யுங்கள், அதாவது அதன் அடியைப் படகை நோக்கிச் சாயுங்கள். நிற்கவில்லையா, கேன் சோதனை. கேன்களை முன்னால் வைத்ததும் நின்றுவிட்டால், அதே விளைவை நிரந்தரமாகப் பெற இரண்டு வழி உண்டு. எடையை நகர்த்தலாம், அல்லது பின் ஃபாயிலை அரை டிகிரி கூட்டலாம். முதன்மை ஃபாயிலின் கோணத்தைக் குறைப்பது கடைசி வழி. தூக்கு குறைந்து மிச்சமும் குறையும்.

ஃபாயிலை மாட்டிய இடமே தவறாக இருக்கவும் வாய்ப்புண்டு. 1.6 டன் தூக்கும் ஃபாயில் 150 மி.மீ. முன்னால் தள்ளி மாட்டப்பட்டிருந்தால், எடை மையம் 60 மி.மீ. பின்னால் போனதற்குச் சமம். வரைபடத்தில் உள்ள இடத்தை டிரான்சத்திலிருந்து நாடாவால் அளந்து பாருங்கள்.

கோணம் அதிகமாகும்போது நடக்கும் இன்னொரு துள்ளலும் உண்டு. மேற்பரப்புக்குக் கீழே ஒரு நாண் ஆழத்துக்கும் குறைவாக வந்ததும் ஃபாயிலின் தூக்கு குறையத் தொடங்கும், அரை நாண் ஆழத்தில் நன்றாகவே குறையும். நிலையான ஃபாயில் தானாகவே உயரத்தைச் சரிசெய்துகொள்வது இந்தக் குணத்தால்தான். ஆனால் அளவுக்கு மீறித் தூக்கும் ஃபாயில் மேலே வந்து, தூக்கை இழந்து, விழுந்து, மறுபடி ஏறும். முன்னது ஊஞ்சல் மாதிரி ஆடும். இதில் படகு மொத்தமாக மேலே எழுந்து பொத்தென்று இறங்கும். பார்த்தாலே வித்தியாசம் தெரியும். இங்கே முதன்மை ஃபாயிலின் கோணத்தைக் குறைப்பதுதான் மருந்து, கால் டிகிரி கால் டிகிரியாக.

அறிகுறி: பின்னலையில் (பின்னாலிருந்து வரும் அலையில்) அணியம் குத்துகிறது, படகு பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகிறது

எதிரலையில் வெண்ணெயாகப் போகும் அதே படகு பின்னலையில் ஏன் இப்படிச் செய்கிறது? அலையின் உள்ளே தண்ணீர் சும்மா இருப்பதில்லை, வட்டமாகச் சுழல்கிறது. அலை போகும் திசையில் அதன் முன்சரிவில் தண்ணீர் மேலே ஏறும், பின்சரிவில் கீழே இறங்கும். எதிரலையில் படகு முதலில் சந்திப்பது முன்சரிவை. ஏற வேண்டிய நேரத்தில் தண்ணீரும் மேலே தள்ளுகிறது. பின்னலையைத் தாண்டிப் போகும்போது முதலில் வருவது பின்சரிவு. ஏற வேண்டிய இடத்தில் தண்ணீர் கீழே இறங்கி, ஃபாயிலின் கோணத்தைத் தின்றுவிடுகிறது.

எவ்வளவு தின்னும்? 1 மீட்டர் உயரமும் 5 விநாடி இடைவெளியும் உள்ள அலையில் இந்தச் சுழல் வேகம் விநாடிக்கு 0.63 மீட்டர். 30 நாட்டில் ஓடும் படகுக்கு அது 2.3 டிகிரி. ஃபாயில் வேலை செய்யும் கோணத்தையே காலி செய்யப் போதுமான அளவு. இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது: 5 விநாடி அலை ஆழ்கடலில் 15 நாட் வேகத்தில் நகரும். பயந்துபோய் வேகத்தை 15 நாட்டுக்குக் குறைத்தால், படகு அதே பின்சரிவில் அலையோடு சேர்ந்தே உட்கார்ந்துவிடும்.

ஆகவே பின்னலைக்காகப் படகை மாற்றியமைப்பதைவிட ஓட்டும் முறையை மாற்றுவதே சரி. இன்ஜினை வெளிப்பக்கம் டிரிம் செய்து அணியத்தைத் தூக்குங்கள், எடையைப் பின்னால் நகர்த்துங்கள், அலையை நேர் பின்னால் வாங்காமல் 20, 30 டிகிரி சாய்வாக எடுங்கள், அலை வேகத்தை ஒட்டிய வேகத்தில் நிற்காதீர்கள். அமைதியான தண்ணீரிலும் அணியம் குனிந்தே ஓடினால் மட்டும் பின் ஃபாயிலின் கோணத்தைக் கால் டிகிரி குறையுங்கள்.

அறிகுறி: நேர் ஓட்டத்தில் ஒரு பக்கம் சாய்கிறது

நிற்கும்போதும் சாய்கிறதா? அப்படியென்றால் எடை. வேகம் கூடக் கூடச் சாய்வும் கூடினால் கோண வேறுபாடு. ஃபாயிலின் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் 0.2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. வெல்டிங் சூட்டில் முறுக்கேறிய ஃபாயில்களில் இது சகஜம். முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் இடையே 200 மி.மீ. என்றால் 0.5 டிகிரிக்கு 1.75 மி.மீ. ஷிம் வேண்டும். பின் ஃபாயில்கள் இரண்டையும் தனித்தனியே அளக்க மறக்காதீர்கள். டிரெய்லரின் பலகை முதலில் இடிப்பது அவற்றைத்தான். முறுக்கேறிய முதன்மை ஃபாயிலை ஷிம்மால் இழுத்து நேராக்கினால் அந்த அழுத்தம் வெல்டிலேயே தங்கிவிடும். சிறிய முறுக்கைப் பின் ஃபாயிலால் ஈடுகட்டலாம், பெரியதென்றால் பட்டறைக்கு.

அறிகுறி: திடீரெனத் தூக்கு போய்ப் படகு அமர்கிறது

25, 30 நாட்டில் இது நடந்தால் கேவிட்டேஷன் (தாழ்வழுத்தத்தில் தண்ணீர் ஆவிக்குமிழாவது) என்று சொல்லிவிடுவது வழக்கம். அநேகமாக அது தவறு. நல்ல வடிவமுள்ள மெல்லிய ஃபாயிலில் 40 நாட்டை நெருங்கும்போதுதான் கேவிட்டேஷன் தொல்லை தொடங்கும். அதற்குக் கீழே நடப்பது காற்று உறிஞ்சல்: மேற்பரப்பின் காற்று ஃபாயில் காலின் வழியாக இறங்கி, ஃபாயிலின் மேற்புறத் தாழ்வழுத்தத்துக்குள் புகுந்துவிடுகிறது. தூக்கு சடாரென்று போகும், வேகம் குறைந்த பிறகுதான் திரும்பும். கூர்மையான திருப்பத்தில் ஃபாயிலின் ஒரு முனை மேற்பரப்பை நெருங்கும்போதும் இதுவே நடக்கும்.

காலின் முன்விளிம்பில் நசுங்கல் இருந்தால் அரத்தால் தேய்த்துச் சீராக்குங்கள். கால், ஓட்டத்திசைக்கு 1 டிகிரி திரும்பியிருந்தாலும் ஒரு பக்கம் காற்றை இழுக்கும். இரண்டு கால்களும் நடுக்கோட்டுக்கு இணையாக இருக்கின்றனவா என்று நூல் பிடித்துப் பாருங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால் காலின் பாதி உயரத்தில் கிடைமட்டமாக ஒரு தடுப்புத் தகடு, 3 மி.மீ. கனம், 30 முதல் 40 மி.மீ. வெளிநீட்டம். இறங்கும் காற்றை அது வழியிலேயே நிறுத்தும்.

உண்மையான கேவிட்டேஷன் தடயம் விட்டுச் செல்லும். முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னால், உலோகம் ஊசியால் கொத்தியதுபோல் மங்கி, சொரசொரப்பாக இருக்கும். காற்று உறிஞ்சலில் உலோகத்துக்கு ஒன்றும் ஆகாது.

அறிகுறி: ரீங்காரம் அல்லது அதிர்வு

கைப்பேசியில் ஒலி அதிர்வெண் காட்டும் செயலி ஒன்று போதும். வேகம் மாறாமல் சுழற்சியை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டு இன்ஜின்களில் ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைத்தால் இது முடியும். ஒலி சுழற்சியோடு நகர்ந்தால் புரொப்பெல்லர். 4800 சுழற்சி, 2க்கு 1 கியர், 3 இதழ் என்றால் 120 ஹெர்ட்ஸ். படகின் வேகத்தோடு மட்டும் நகரும் கீச்சொலி ஃபாயிலின் பின்விளிம்பிலிருந்து வருகிறது. 3 மி.மீ. தடிமனான மொட்டை விளிம்பு 30 நாட்டில் சுமார் 1000 ஹெர்ட்ஸில் பாடும். விளிம்பை ஒரே பக்கமாக 30 டிகிரி சரிவாக அரமிட்டு 1 மி.மீ. வரை மெலியவிட்டால் நின்றுவிடும். இடது, வலது இரண்டிலும் அதே பக்கத்தையே அரமிட வேண்டும், இல்லையென்றால் சாய்வு வந்து சேரும்.

அறிகுறி: ஃபாயில் மாட்டிய இடத்தில் வெள்ளைப் பொடி, பெயிண்ட் கொப்புளம், மயிர்க்கோட்டு விரிசல்

5083 அலுமினிய ஹல்லில் 316எல் துருப்பிடிக்காத எஃகு ஃபாயிலை நேரடியாக மாட்டினால் கடல்நீரில் கரைவது ஹல்தான். கார்பன் ஃபைபர் ஃபாயில் என்றால் இன்னும் மோசம். இரண்டுக்கும் நடுவே ஜி10 கண்ணாடியிழைத் தகடு, ஒவ்வொரு போல்ட்டுக்கும் பிளாஸ்டிக் புஷ் (போல்ட்டைச் சுற்றும் உறை), தலைக்கும் நட்டுக்கும் அடியில் மின்காப்பு வாஷர். மாட்டி முடித்து, உலர்ந்த நிலையில் மல்ட்டிமீட்டரால் ஃபாயிலுக்கும் ஹல்லுக்கும் இடையே பாருங்கள். பீப் அடித்தால் எங்கோ ஒரு புஷ் கிழிந்திருக்கிறது. பெயிண்ட் அடிப்பதானால் எஃகு ஃபாயிலுக்குத் தவறாமல் அடியுங்கள். அலுமினியத்துக்கு மட்டும் அடித்துவிட்டால், பெயிண்டில் விழும் ஒரு சிறு கீறலில் மொத்த அரிப்பும் குவிந்து துளை போட்டுவிடும். அலுமினிய ஹல்லில் செம்பு கலந்த பாசி தடுப்புப் பெயிண்ட் கூடவே கூடாது.

விரிசலைக் கண்ணால் மட்டும் தேடாதீர்கள். கால் ஹல்லோடு சேரும் மூலையிலும் ஃபாயில் காலோடு சேரும் வெல்டிலும் விரிசலுக்குள் சாயம் ஊறி அதைக் காட்டும் சிவப்புச் சாய ஊடுருவல் சோதனை செய்யுங்கள். இரு முனையும் இறுகப் பொருத்திய நம் 1.5 மீட்டர் ஃபாயிலில், அமைதியான ஓட்டத்திலேயே முனை வெல்டில் சுமார் 2 கிலோநியூட்டன் மீட்டர் வளைதிருப்பம், அதாவது வளைக்கும் பளு, விழுகிறது. அலை அறையும்போது இதைப் போல இரண்டு மூன்று மடங்கு. விரிசலைக் கண்டால் மேலே ஒரு வெல்ட் ஓட்டி மூடுவது பயன் தராது. விரிசலின் அடிவரை குடைந்தெடுத்து நிரப்ப வேண்டும், அதன் பிறகு கோணத்தை மறுபடி அளக்க வேண்டும்.

மிதக்கும் மரத்திலோ தரையிலோ ஃபாயில் மோதியிருந்தால், ஹல்லின் உள்ளே ஃபாயில் பொருத்திய அறையைத்தான் முதலில் திறந்து பாருங்கள். அங்கே தண்ணீர் இருந்தால் படகு கரையேற வேண்டும். தண்ணீர் இல்லையென்றால் போல்ட்டுகளின் முறுக்கைச் சரிபார்த்து, 10 நாட்டுக்கு மேல் போகாமல் திரும்புங்கள். கரையில் மூன்று இடத்திலும் கோணத்தை அளந்து பழைய பதிவோடு ஒப்பிடுங்கள். 0.3 டிகிரிக்கு மேல் மாறியிருந்தால் ஃபாயிலைக் கழற்றி, மோதலில் நீண்டிருக்கக்கூடிய போல்ட்டுகளை மொத்தமாகப் புதிதாக மாற்றிவிடுங்கள்.